நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே

2025 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி பாட்டுப் பதிவுக்காக வீட்டுக்கு வந்திருந்தான். பகலில் கூரியர் கம்பெனியில் வேலை. திருவிழாக் காலத்து இரவுகளில் ஒரு கூத்து ஜமாவில் பின்பாட்டு. கர்ண மோட்சத்தில், போருக்குப் புறப்படும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்துப் பாட்டைப் பாடி யூடியூபில் போட வேண்டும் என்றான்.

எங்கள் வீடு பே கோபுரத் தெருவில் இருக்கிறது. பதிவு அறை என்று நான் சொல்வது மாடியில் பத்துக்குப் பத்து அளவில் ஓர் அறை. சுவரெல்லாம் கோரைப்பாயும் அதன் பின்னால் சணல் சாக்கும் அடித்திருப்பேன். மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு செய்ய முடியும். நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். தம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடினான்.

நல்ல குரல், கணீரென்று மேலே போகிறது. ஆனால் ஓர் இடத்தில் எனக்கு என்னவோ உறுத்தியது. மேல் சட்ஜத்திலிருந்து அப்பா வழுக்கிக்கொண்டு இறங்கும் இடம் அது. தம்பி அங்கே படிக்கட்டில் இறங்குவது போல ஒவ்வொரு சுரமாகக் கால் வைத்து இறங்கினான். மறுபடி பாடச் சொன்னேன். மறுபடியும் அதே படிகள், எண்ணி ஐந்து.

"தம்பி, இந்த எடத்த யார்கிட்ட கத்துக்கின?"

"யார்கிட்டயும் இல்லண்ணா. உங்க அப்பா சிடிதான். எங்க ஜமாவுல எல்லாருமே அதக் கேட்டுத்தான் பாடறோம். வாட்ஸப்புல சுத்துது இல்ல?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் படிக்கட்டை அப்பா கட்டவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே அறையில் உட்கார்ந்து நான் கட்டியது அது.

*

அப்பா தையல்காரர். வீட்டின் கீழ்ப்பகுதியில் தெருவைப் பார்த்த அறைதான் கடை. மாசியிலிருந்து ஆடி வரை பாதி நாள் கடை திறக்காது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் ஊர்களுக்கு ஜமாவோடு போய்விடுவார். ஆர்மோனியமும் பின்பாட்டும் அவர் பொறுப்பு. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து விடியும் வரை போகும். மைக் வருவதற்கு முந்தைய தலைமுறையிடம் கற்றவர் என்பதால் களரியின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படிப் பாடுவதுதான் அவருக்குப் பாட்டு. வீட்டில் முணுமுணுத்தாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அவருடைய ஆர்மோனியப் பெட்டி பழையது. யாரிடமிருந்தோ இரண்டாம் கையாக வாங்கியது. ரீடுகளை அவரே சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்து வைத்திருந்தார். அதனால் அந்தப் பெட்டியின் சுருதி எந்தக் கீபோர்டோடும் சேராது. நாலரைக் கட்டை என்று அவர் சொல்லும் சட்டம் உண்மையில் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். முகவீணைக்காரர் அதற்குத் தகுந்தபடி ஊதிக்கொள்வார். ஜமாவில் யாருக்கும் இது ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை.

எனக்குத்தான் பிரச்சினை. நான் கேசட் காலத்துப் பிள்ளை. 'புன்னகை மன்னன்' வந்த 1986இல் எனக்கு ஒன்பது வயது. அந்தப் படத்தின் தீம் இசையைக் கம்ப்யூட்டரில் போட்டார்களாம் என்று தேரடித் தெரு கேசட் கடையில் பெரியவர்கள் பேசிக்கொண்டது அப்படியே மனதில் தங்கிவிட்டது. பின்னால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, ஆனாலும் அந்த ஆசை போகவில்லை. கணினிக்குச் சொந்தமாகக் காசு போடத்தான் துணிச்சல் வரவில்லை.

கடைசியில் கணினி அரசாங்கத்திலிருந்து வந்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 2013இல் பன்னிரண்டாம் வகுப்பு படித்த அக்கா மகளுக்கு ஒன்று கிடைத்தது. அவள் படிப்பு நேரம் போக மீதி நேரம் எனக்கு. எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் அதைத் தேர்ந்தெடுத்ததில்லை. கணினி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனபோது கடைப் பையன், "இது எதுக்கு சார் வேஸ்ட்டா இடத்த அடைச்சிக்கினு?" என்று அந்தப் பகுதியையே அழித்துக் கொடுத்தான். கூடவே முன்னூறு ரூபாய்க்கு இசைப்பதிவு மென்பொருள் ஒன்றைக் கிராக் செய்து ஏற்றினான். அதற்கான செருகுநிரல்கள் இருநூற்றுச் சொச்சம் இலவசம். அது திருட்டு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

2014 கோடையிலிருந்து அடுத்த வருடம் பொங்கல் வரை அப்பாவின் பாட்டுகள் 23ஐப் பதிவு செய்தேன். இரண்டு மைக்குகள், ஒன்று குரலுக்கு, ஒன்று பெட்டிக்கு. பௌர்ணமியை ஒட்டிய இரண்டு நாட்களில் வேலை நடக்காது. கிரிவலம் வரும் கூட்டத்தின் சத்தம் எங்கள் தெருவரை வந்து மொய்க்கும். மற்ற நாட்களில் அதிகாலை மூன்று மணிக்குமேல், கோயில் மணி அடிப்பதற்குள் ஒரு பாட்டு.

பிறகு 'சரி' செய்ய ஆரம்பித்தேன். அப்பாவின் பெட்டியை நீக்கிவிட்டு மென்பொருளில் இருந்த ஆர்மோனியத்தை வாசித்துச் சேர்த்தேன். அது உலகத்துக் கீபோர்டுகளெல்லாம் நிற்கும் 440 ஹெர்ட்ஸ் கணக்கில் இருந்தது. அதற்கு ஒத்துவர, அப்பாவின் குரலைக் கால் சுரம் அளவுக்கு இறக்கி, சுருதி திருத்தும் செருகுநிரல் வழியாக ஓட்டினேன். இந்த வகைக் கருவிகளுக்கு முன்னோடியான ஆட்டோ-டியூன் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட், அதற்குமுன் நிலத்தடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று நில அதிர்வுத் தரவுகளை வைத்துக் கண்டுபிடிக்கும் துறையில் இருந்தவர். பூமிக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் படிக்கும் கணிதம் பாடகரின் தொண்டையைப் படிக்கவும் பயன்பட்டது. நான் வைத்திருந்தது அதே மாதிரி வேறொன்று. சுரங்களைப் பன்னிரண்டு பெட்டிகளாகப் பிரித்துவைத்து, குரல் எங்கே போனாலும் பக்கத்துப் பெட்டிக்குள் இழுத்துப் போட்டுவிடும். எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்று ஒரு திருகு உண்டு. அதைக் கடைசிவரை திருகி வைத்தது நான். கருவியைக் குறை சொல்வதற்கில்லை.

குறுந்தகடு 200 போட்டோம். முதல் தகட்டை அப்பா தையல் கடையில் வைத்துக் கேட்டார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது நான் இல்லடா."

"நீதாம்பா. சுருதி சேத்திருக்கேன், அவ்ளோதான்."

"சுருதி பெட்டில கீது. அதத் தூக்கிக் கடாசிட்டு நீ எங்கேர்ந்து சேத்த?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு மறுபடி இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை. 2019இல் அவர் போய்விட்டார்.

*

தம்பி போன அன்றிரவு பழைய பதிவுகளைத் தேடி எடுத்தேன். இப்போது என்னிடம் இருப்பது 2016இல் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினி. மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் அப்போதே இதற்கு மாற்றியிருந்தேன். கோப்பைத் திறந்து, திருத்தும் செருகுநிரலை மட்டும் அணைத்துவிட்டால் அப்பாவின் குரல் வந்துவிடும் என்று நினைத்தேன்.

மென்பொருள் திறக்கவில்லை. எப்போதோ ஆன்டிவைரஸ் அந்தக் கிராக் கோப்பைப் பிடித்துக் குப்பையில் போட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கலாம் என்றால் அந்தப் பதிப்பு இப்போது விற்பனையில் இல்லை. புதிய பதிப்பில் அந்தப் பழைய செருகுநிரல்கள் ஓடாது. புதிதாக ஒரு கிராக் தேடலாம், ஆனால் அதோடு வேறு என்னென்ன உள்ளே வரும் என்று தெரியாது. கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கையும் சில இரவுகளில் இதே கணினியில்தான் பார்க்கிறேன்.

அதோடு இன்னொரு கெடுவும் நெருங்கியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. அக்டோபர் 15ஆம் தேதி கணினி நின்றுவிடாதுதான். பாதுகாப்பு ஒட்டுகளை இன்னும் ஒரு வருடம் நீட்டித்து வாங்கவும் வழி இருந்தது. ஆனாலும் எந்தப் பக்கம் தாவுவது என்று எப்படியும் முடிவெடுத்தாக வேண்டும்.

ஆப்பிள் பக்கம் போனால் மேக் மினி 60,000 ரூபாய்க்குப் பக்கம், மடிக்கணினி என்றால் ஒரு லட்சம். புது விண்டோஸ் கணினி இசைக்கு ஏற்ற மாதிரி சேர்த்தால் அதுவும் ஐம்பதாயிரத்தைத் தொடும். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வருடம். ஜூலை போனது, ஆடி போனது, அக்டோபர் 14உம் போனது. நான் ஒன்றும் செய்யவில்லை.

*

கார்த்திகை பிறந்ததும் ஜெர்மானியப் பெரியவர் வந்து சேர்ந்தார். ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் வருடா வருடம் மாசி வரை தங்குபவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அப்பாவிடம்தான் முழங்கால் வரை தொங்கும் ஜிப்பாக்கள் தைத்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தில் இன்றும் வந்து பார்க்கிறார். அவரும் தன் ஊரில் வீட்டிலேயே இசைப்பதிவு செய்தவர். "சாப்டாச்சா?" என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் வராது. என் ஆங்கிலமும் அந்த அளவுதான். ஆனாலும் கணினி இசையைப் பற்றி என்றால் இரண்டு பேருக்கும் பேச்சு நிற்காது.

என் கதையைக் கேட்டுவிட்டு அவர் 2002ஆம் ஆண்டைச் சொன்னார். லாஜிக் என்ற இசைப்பதிவு மென்பொருளை அப்போது ஈமேஜிக் என்ற ஜெர்மானிய நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தது. மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். அந்த ஜூலையில் ஆப்பிள் ஈமேஜிக்கை வாங்கியது. செப்டம்பர் 30ஆம் தேதியோடு விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்கள் மேக்குக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வேறு மென்பொருளுக்குப் போக வேண்டும். இவர் இரண்டும் செய்யாமல், பழைய கணினியை அப்படியே வைத்துப் பல வருடம் ஓட்டியிருக்கிறார். ஒருநாள் அதன் தாய்ப்பலகை எரிந்துபோனது.

"உங்களுக்குக் கோபம் வரலையா?" என்று கேட்டேன்.

அவர்கள் தங்கள் வியாபாரத்தைப் பார்த்தார்கள், நான் என் பாட்டுகளைத் தனியாக எடுத்து வைக்கவில்லை, தப்பு என்னுடையது என்றார். மேக்குக்கு மாறியவர்களும் நிம்மதியாக உட்கார்ந்துவிடவில்லை என்று விரல் விட்டு எண்ணினார். 2006இல் ஆப்பிள் இன்டெல் சில்லுக்குப் போனது. 2019இல் 32 பிட் நிரல்களை விட்டது. 2020இல் தன் சொந்தச் சில்லுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய செருகுநிரல் செத்தது. மாறாமல் இருப்பவை மிகக் குறைவு. 1983இல் வந்த மிடி இன்னும் பேசுகிறது. 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து கொண்டுவந்த வேவ் கோப்பை இன்று எந்தக் கணினியிலும் எந்த ஃபோனிலும் கேட்கலாம்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த மென்பொருள் திறக்கவில்லை, சரி. அதன் ஒலிக் கோப்புறையைத் திறந்து பார்த்தாயா?"

நான் பார்க்கவே இல்லை.

இதை அப்பாவின் தொழிலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். இசைப்பதிவு மென்பொருள் சேமிக்கும் திட்டக் கோப்பு என்பது தையல்காரரின் அளவு நோட்டு. எந்தத் துண்டு எங்கே வர வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், எங்கே எவ்வளவு எதிரொலி சேர்க்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். பாட்டு அதில் இல்லை. மைக்கில் விழுந்த ஒலி தனியாக ஒரு கோப்புறையில் வேவ் கோப்புகளாகக் கிடக்கிறது. அதுதான் துணி. நான் அளவு நோட்டு திறக்கவில்லை என்று ஐந்து மாதம் அழுதுகொண்டிருந்தேன். துணி பீரோவிலேயே இருந்தது.

*

துணியை எங்கே வைத்துத் தைப்பது என்பதற்கும் பெரியவர் வழி சொன்னார். லினக்ஸ். அவருடைய பழைய கணினி ஒன்று ஊரில் அதில்தான் ஓடுகிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேஸ்ட் என்று கடைப் பையன் அழித்த அதே லினக்ஸ்! அதைப் பற்றித் தமிழில் படிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழில் கட்டற்ற மென்பொருட்களைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் கிடந்தன. பக்கத்து ஊரான விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. இத்தனை வருடம் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 3ஆம் தேதி மலைமேல் தீபம் ஏற்றினார்கள். அன்று ஊரே வெளியூர்க்காரர்களால் நிறைந்திருக்கும், வீட்டை விட்டு நகர முடியாது. மாலை தீபம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இரவு பென் டிரைவிலிருந்து உபுண்டு ஸ்டுடியோவை ஏற்றினேன். இசை, படம், காணொளி வேலைகளுக்கென்றே தொகுத்த லினக்ஸ் அது. விண்டோஸ் இருந்த வட்டைத் தொடாமல், புதிதாக வாங்கிய எஸ்எஸ்டி ஒன்றில் ஏற்றினேன். அந்த அளவுக்குப் பயம்.

முதல் மூன்று நாள் அவதியை மறைக்க வேண்டியதில்லை. மைக்கைச் சேர்க்கும் யுஎஸ்பி பெட்டி தனி டிரைவர் கேட்காத வகை என்பதால் செருகியதும் வேலை செய்தது. ஆனால் சத்தம் விட்டுவிட்டு வந்தது, மழைநேரத்து ரேடியோ மாதிரி. காரணம் பஃபர். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாள முடியாது, வாளியில் பிடித்துத்தான் கையாளும். வாளி பெரிதாக இருந்தால் சத்தம் அறாது, ஆனால் தாமதமாக வரும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது 1,024 மாதிரி பிடிக்கும் வாளி நிறைய 23 மில்லி விநாடி ஆகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் எட்டு மீட்டர் போய்விடும். அதாவது பாடுகிறவர் தன் குரலையே களரியின் மறுமுனையிலிருந்து கேட்பது போல இருக்கும். தாளம் பின்வாங்கும். வாளியை 128 ஆக்கினால் 3 மில்லி விநாடிக்கும் குறைவு. பக்கத்திலேயே உட்கார்ந்த மாதிரி. ஆனால் அவ்வளவு சிறிய வாளியைக் கணினி ஒரு கணமும் பிசகாமல் தூக்கி ஊற்ற வேண்டும்.

விண்டோஸில் இதற்கு 1997இல் ஸ்டெய்ன்பெர்க் கொண்டுவந்த ஏசியோ என்ற குறுக்குவழி உண்டு. லினக்ஸில் முதலில் ஜாக், இப்போது பைப்வயர். நேரம் தவறாத இயக்கத்துக்கான நிரல்கள் ஏறத்தாழ இருபது வருடம் லினக்ஸின் கருவுக்கு வெளியே ஒட்டுத் துணியாகவே இருந்து, 2024 நவம்பரில் வந்த 6.12ஆம் பதிப்பில்தான் முழுதாக உள்ளே சேர்ந்தன. நான் செய்ய வேண்டியிருந்தது இரண்டே வேலை: என் பயனர் பெயரை ஆடியோ குழுவில் சேர்ப்பது, மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பை அணைப்பது. அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் 128இல் சத்தம் அறாமல் வந்தது.

உபுண்டு ஸ்டுடியோவோடு வரும் ஆர்டோர் நல்ல மென்பொருள். ஆனால் என் கைப்பழக்கத்துக்கு ரீப்பர் ஒத்துவந்தது. அது கட்டற்ற மென்பொருள் அல்ல, உரிமம் 60 டாலர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். பன்னிரண்டாம் நாளே கட்டிவிட்டேன், வங்கிக் கட்டணம் சேர்த்து ஐந்தாயிரத்துச் சொச்சம். நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒரு மென்பொருளுக்குப் பணம் கொடுத்தேன். ரசீது மின்னஞ்சலில் வந்தது. வீட்டில் அதைக் காட்டியபோது மனைவி, "இதுக்கெல்லாமா ரசீது காட்டுவாங்க?" என்றாள்.

பிறகு ஒலிக் கோப்புறையைத் திறந்தேன். 340 கோப்புகள். ஒன்றுக்கும் பாட்டின் பெயர் இல்லை. ஆடியோ ஒன்று, ஆடியோ இரண்டு என்று மென்பொருள் தானாக வைத்த எண்கள்தான். எது எந்தப் பாட்டின் எந்தத் துண்டு என்று எப்படிச் சேர்ப்பது? இங்கேதான் எனக்குத் தெரியாமலே எனக்கு நடந்த ஒரு நல்லது. அந்த மென்பொருள் சேமித்தது பிராட்காஸ்ட் வேவ் என்ற வகை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வானொலி நிலையங்களுக்காக வகுத்தது. சாதாரண வேவ் கோப்புதான், ஆனால் தலைப்பகுதியில் இந்தத் துண்டு எந்தத் தேதியில் பதிவானது, காலக்கோட்டில் எந்த இடத்தில் தொடங்கியது என்ற குறிப்பு இருக்கும். துணித் துண்டின் மூலையில் அப்பா சாக்பீஸால் போடும் குறி மாதிரி. ரீப்பரில் ஒரே தேதிக் கோப்புகளை உள்ளே போட்டு, குறிப்பிட்ட இடத்தில் வை என்ற கட்டளையைக் கொடுத்தேன். துண்டுகள் தானாக நகர்ந்து வரிசையில் போய் உட்கார்ந்தன. மேலே குரல், கீழே பெட்டி.

ஹெட்போனை மாட்டினேன்.

முதலில் வந்தது பெட்டியின் துருத்தி இழுக்கும் சத்தம். பிறகு அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு அந்தக் கர்ண மோட்சப் பாட்டு. நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில், அவர் சுரண்டிவைத்த ரீடுகளின் சுருதியில், குரலும் பெட்டியும் ஓர் இழைகூடப் பிரியாமல் சேர்ந்து நின்றன. கீபோர்டோடு ஒப்பிட்டுப் பார்த்த எனக்குத்தான் அது சுருதி விலகலாகப் பட்டிருக்கிறது. மேலேயிருந்து இறங்கும் இடத்தில் படி எதுவும் இல்லை. ஈரத் தரையில் கால் வழுக்குவது போல ஒரே இறக்கம். இறங்கி முடியும் இடத்தில் குரல் ஒரு கணம் சுரத்துக்குக் கீழேயே போய்விட்டு, பெட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. பொன்னுருவியை விட்டுப் போக மனமில்லாத கர்ணன் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறான். அதைத்தான் நான் பிழை என்று திருத்தியிருந்தேன்.

வேறொரு துண்டில், பகலில் எடுத்தது போலிருக்கிறது, பாட்டின் நடுவில் கீழேயிருந்து ஒரு பெண் குரல், "மாஸ்டர், ஜாக்கெட் ஆச்சா?" துருத்தியை நிறுத்தாமல், அதே சுருதியில் அப்பா, "நாளைக்கு!" என்கிறார். அடுத்த அடியைத் தாளம் தவறாமல் எடுக்கிறார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

*

23இல் 14 பாட்டுகள் முழுதாக வந்துவிட்டன. 9 வரவில்லை.

மடிக்கணினியில் இடம் போதாமல் இருந்தது. ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 எம்பி ஆகும். கால் மணி நேரப் பாட்டை இரண்டு மைக்கில் ஐந்து தரம் எடுத்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். அதனால் முதலில் செய்து முடித்த பாட்டுகளுக்குத் திருத்திய குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்தை அழித்திருக்கிறேன். அழித்தது நினைவுகூட இல்லை. நினைவில் வைக்கும்படியான காரியமாக அது அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த ஒன்பதை எந்தக் கணினிக்கு மாறினாலும் மீட்க முடியாது. ஒருமுறை பெட்டிக்குள் இழுத்துப் போட்ட சுரம் முன்னே எங்கே நின்றது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

தை மாதத்தில் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். நடந்ததையும் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டான். நன்றியோ ஆச்சரியமோ எதுவும் சொல்லவில்லை.

"அண்ணா, நாங்க ரெண்டு வருசமா தப்பாப் பாடிக்கினு இருந்தோமா?"

"நீங்க தப்பாப் பாடல. நான் தப்பாக் குடுத்தேன்."

"இது கஷ்டம்ணா. இறங்கிப் போயிட்டு எப்படி மேல வராரு? மூச்சு எங்க எடுக்கறாரு?"

மூச்சு எடுக்கும் இடத்தைப் பெரிதாக்கி வைத்துக் காட்டினேன். குறுந்தகட்டில் மூச்சுச் சத்தங்களையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்திருந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. 14 பாட்டுகளையும் வேவ் கோப்புகளாகவே அவன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். "எல்லாருக்கும் அனுப்பு. பழசை அழிச்சிடச் சொல்லு" என்றேன். அவன் தலையாட்டினான். அழிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எதிரொலி போட்ட பாட்டு ஃபோனில் இனிமையாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது அவனே சொன்னான். அவன் ஊருக்கு அடுத்த ஊரில், அப்பாவோடு பாடிய ஒருவர் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல், பல் இல்லை. ஆனால் உட்கார வைத்தால் பாடுவார். வராத ஒன்பதில் இரண்டு பாட்டாவது அவருக்கு நிச்சயம் தெரியும்.

மாசியில் ஒரு காலைப்பொழுது போனோம். அக்கா மகளுடைய அந்தப் பழைய மடிக்கணினிக்குப் புது பேட்டரி போட்டு, லினக்ஸ் ஏற்றி எடுத்துப் போயிருந்தேன். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் வாங்க மறுத்ததை இப்போது நானே கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி. அப்பாவின் பெட்டியையும் தூக்கிப் போனோம். துருத்தியில் ஓட்டை விழுந்திருந்தது. டேப் ஒட்டியிருந்தேன். பெரியவர் பெட்டியைப் பார்த்ததும் தடவிக்கொடுத்தார். என்னைப் பார்த்து, "எந்தக் கட்டை?" என்றார்.

நான் அப்பாவின் சட்டத்தை அழுத்தினேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "ம், இதான்" என்று பாட ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. இரண்டு இடத்தில் வரி மறந்து, தம்பி எடுத்துக் கொடுத்தான். வாசலில் ஆடு கத்தியது. தெருவில் தண்ணீர் வண்டி போனது. எதற்கும் நிறுத்தவில்லை.

அன்று மாலை கோப்புகளை மூன்று இடத்தில் சேமித்தேன். நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன் இப்போது. தேதி, ஊர், பாடியவர், பாட்டு, மைக், கோப்பின் பெயர் எல்லாம் பேனாவால் எழுதிவைப்பேன். எந்த மென்பொருள் போனாலும் அது இருக்கும். சுருதி என்று ஒரு கட்டம் உண்டு. பெட்டியின் சுருதியை அளந்து எண்ணாக எழுதலாம், அதற்கும் கருவி இருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் 'அப்பா பெட்டி' என்று எழுதினேன்.